வெயிலும் குடையும்

கள்ளக்குறிச்சியில் வியர்த்து வழிந்த மேனியோடு புறப்படுகிறவன், கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையை அடையுமுன்னரே மேல்துண்டை இழுத்துப் போர்த்திக்கொள்கிறான். இங்கே வெயிலே உறைக்கவில்லை என்று மகிழவும் செய்கிறான். அது வெறும் மயக்கம். உயரம் மிக மிக வெப்பம் குறையும். கதிரவனின் புறஊதாக் கதிர்களோ 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து வீதம் பெருகும். நம்மைச் சுடுவது ஒன்று. தோலைக் கெடுப்பது வேறொன்று. கண்ணுக்குப் புலனாகாத அக்கதிர்கள் ஊதா நிறத்துக்கு அப்பால் உள்ளன என்பதைச் செருமானிய அறிஞர் ரிட்டர் 1801-ஆம் ஆண்டிலேதான் கண்டறிந்தார்.

ஆயினும் வெயிலுக்கு ஒதுங்குதல் பழமையானது. மதுரை செல்லும் வழியில் கண்ணகியால் பகல் வெம்மையைத் தாங்க இயலாமையால், நிலவொளியில் நடக்கத் துணிந்ததைச் சிலப்பதிகாரம் கூறும். நம் புலவர்க்கு மன்னனின் ஆட்சியே ஒரு குடை நிழல்தான். வெண்கொற்றக்குடை வெயிலை மறைப்பதற்கென்று பிடித்ததன்று. குடிகளைக் காப்பதன் அடையாளம். இங்கேதான் ஒரு கேடும் புகுந்தது. காப்புப் பொருள் பெருமைச் சின்னமாயிற்று. சின்னமானதும் எளியோர்க்கு மறுக்கப்பட்டது. திருவிதாங்கூரில் சில வகுப்பினர் குடை பிடிக்கவும் செருப்பணியவும் தடுக்கப்பட்டிருந்ததைச் சாமுவேல் மேட்டீர் என்னும் பாதிரியார் 1871-இல் வெளியிட்ட நூலில் எழுதியுள்ளார். நாள் முழுதும் வெயிலில் நின்றவனுக்குத்தான் குடை இல்லை! கல்வராயன் மலையிலும் 1976 வரை நிலம் ஜாகீர்தாரர் கையில் இருந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் அவர்கள் காட்டில் கூலியின்றி உழைத்தனர். உழைப்பவனுக்கு நிழல் தலைத்துணி ஒன்றே.

அவ்வுழைப்பு முகத்தில் என்ன எழுதிச் சென்றது? தோலுக்கடியில் கொழுப்பு மெத்தைபோல் அமைந்து கன்னத்துக்குத் திரட்சி தருகிறது. அது கரையும்போது கன்னம் ஒட்டுகிறது, கண் குழிகிறது. முதுமையும் பசியும் இதற்குக் காரணம் என்பதை யாரும் அறிவர். வெயிலுக்கும் பங்குண்டு என்பதைச் சியோல் பல்கலைக்கழக ஆய்வாளர் 2011-இல் காட்டினர். புறஊதாக் கதிர் கொழுப்பு வரை ஊடுருவிச் செல்வதில்லை. மேல்தோலின் உயிரணுக்கள் கதிர்பட்டதும் சில வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அவை கீழே இறங்கி, கொழுப்பு உருவாவதைக் குறைக்கின்றன. எல்லையில் நிற்கும் காவலன் கூவ, ஊருக்குள் களஞ்சியம் அடைபடுவதை ஒத்தது இது. நம் தோலின் கருநிறம் கதிர்களைப் பெரிதும் தடுக்கும், முற்றும் தடுப்பதன்று. ஆகவே கருப்பர் நாம், நமக்கென்ன என்று இருத்தல் தகாது.

மற்றுமொரு சான்று கேளுங்கள். 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய ஒருவரின் முகப்படத்தை அமெரிக்க மருத்துவ இதழொன்று 2012-இல் வெளியிட்டது. சன்னலோரம் இருந்த இடக்கன்னம் ஆழ்ந்து சுருங்கித் தொங்குகிறது. வலக்கன்னத்தின் வயது குறைந்தே தோன்றுகிறது. கண்ணாடி வெப்பத்தைச் சற்றே மட்டுப்படுத்தும். புறஊதாவின் ஒரு பகுதி அதனூடே எளிதில் நுழைந்துவிடும்.

இவ்வட்டாரம் ஏறத்தாழ பன்னிரண்டாம் வட அகலக்கோட்டை ஒட்டியிருப்பதால், சித்திரையிலும் ஆவணியிலும் உச்சிப்பொழுதில் கதிரவன் நேர் தலைமேல் நிற்பான். நிழல் காலடியில் ஒடுங்கும் அந்த வேளையே கதிர்கள் மிகக் கடுமையாய் விழும் வேளை. விடியலில் வயலுக்கு இறங்கி, வெயிலேறுமுன் கரையேறும் நம் உழவர் வழக்கம், ரிட்டரை அறியாமலே அமைந்த நல்வழக்கம்.

ஐயப்படுவோர் வீட்டுப் பாட்டியாரின் கையைப் பார்க்கலாம். வயலில் நாற்று நட்ட முன்கையின் புறத்தோல் காய்ந்து மெலிந்திருக்கும். மேற்கையின் உட்புறமோ, ஒரு நாளும் வெயில் படாமையால், மென்மையாகவே இருக்கும். இரண்டுக்கும் வயது ஒன்றே.