கோடக் போட்டோ சிடி படங்களின் வடிவமாற்றம்

அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனம் 1990களில் விற்ற போட்டோ சிடி வட்டுகளில் உள்ள படக்கோப்புகளை ஜேபெக், டிஃப், பிஎன்ஜி போன்ற பரவலான வடிவங்களுக்கு மாற்றும் பணி. இக்கோப்புகளின் பெயர் பிசிடி என்ற நீட்சியோடு முடியும். இன்றைய கணினிகளில் இவற்றைச் சொடுக்கினால் பெரும்பாலும் திறப்பதில்லை. திறக்கும் மென்பொருள்களிலும் பல, கோப்பில் இருப்பதில் ஒரு பங்கை மட்டுமே வெளியே எடுக்கின்றன.

போட்டோ சிடி திட்டத்தை பிலிப்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து கோடக் 1990இல் அறிவித்தது. வட்டுகள் 1992இல் கடைக்கு வந்தன. வாடிக்கையாளர் 35 மி.மீ. படச்சுருளை ஆய்வகத்தில் கொடுப்பார். அங்கே நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து பொன்னிற வட்டில் பதிந்து தருவார்கள். ஒரு வட்டில் ஏறக்குறைய 100 படங்கள் கொள்ளும். இடம் மீதமிருந்தால் அடுத்த சுருளோடு அதே வட்டை மறுபடி கொண்டுபோய்ச் சேர்த்துப் பதியலாம். அக்காலத்துப் பழைய சிடி இயக்கிகள் முதல் தவணையில் பதிந்த படங்களை மட்டுமே காட்டின. இரண்டாம் தவணையில் சேர்த்த படங்கள் அவற்றின் கண்ணுக்குத் தெரியவில்லை. படங்களைத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்ப்பதற்கென்று தனிக் கருவியும் விற்றார்கள்.

வடிவமாற்றத்தின் சிக்கல் முழுவதும் கோப்பின் அமைப்பில் இருக்கிறது. ஒரு பிசிடி கோப்பில் ஒரே காட்சி ஐந்து அளவுகளில் அடங்கியிருக்கும்: 192×128, 384×256, 768×512, 1536×1024, 3072×2048 பிக்சல்கள். ‘பேஸ்’ எனப்படும் நடு அளவு தொலைக்காட்சித் திரைக்கானது. முதல் மூன்று அளவுகளும் முழுமையாகவே எழுதப்பட்டிருக்கும். மேல் இரண்டும் அப்படியில்லை. கீழ் அளவைப் பெரிதாக்கினால் வரும் படத்துக்கும் உண்மைப் படத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டும் ஹஃப்மன் முறையில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். சுருக்காமல் வைத்தால் ஏறக்குறைய 18 மெகாபைட் பிடிக்கும் படம் இதனால் அதில் ஒரு சிறு பங்கிலேயே அடங்கிவிடும். தொழில்முறைக் கலைஞர்களுக்கான வட்டில் 6144×4096 என்ற ஆறாவது அளவும் உண்டு. கோப்பின் 2048ஆம் பைட்டில் பி-சி-டி, ஓர் அடிக்கோடு, ஐ-பி-ஐ என்ற ஏழு குறிகள் தொடங்கும். பெயர் அழிந்துபோன கோப்பைக்கூட இதை வைத்து அடையாளம் காணலாம். நெடுக்காக எடுத்த படங்களும் படுக்கையாகவே பதியப்பட்டிருக்கும்; எப்பக்கம் திருப்ப வேண்டும் என்பது கோப்பின் தலைப்பகுதியில் குறிக்கப்பட்டிருக்கும்.

நிறப்பதிவும் தனித்தன்மை உடையது. போட்டோ ஒய்சிசி எனப்படும் இம்முறையில் ஒளிர்வின் அளவுகோல் 0 முதல் 255 வரை செல்கிறது. ஆனால் வெள்ளைத் தாளின் முழு வெண்மை 182ஐ ஒட்டியே வந்துவிடுகிறது. அதற்கு மேலுள்ள எண்கள், தாளின் வெண்மையையும் மிஞ்சிய ஒளிக்கு ஒதுக்கப்பட்டவை: நீரில் தெறிக்கும் வெயில், விளக்கின் சுடர், உலோகத்தின் மினுக்கம். நெகட்டிவில் இருந்த இந்த நுண்ணொளி வீணாகக் கூடாது என்று வடிவமைத்தவர்கள் அக்கறையோடு இடம் விட்டிருக்கிறார்கள். 182ஐ உச்சமாகக் கொண்டு மற்றதை வெட்டிவிடும் மாற்றியில் மேகங்களெல்லாம் ஒரே வெள்ளைத் திட்டாக வந்து நிற்கும். நிறமின்மையைக் குறிக்கும் எண்களும் மற்ற முறைகளில் வழக்கமான 128 அல்ல. ஒரு நிறக் கூறுக்கு 156, மற்றதற்கு 137. இதைக் கவனிக்காத மென்பொருளில் படம் முழுவதும் வேற்றுச் சாயம் ஏறிவிடும்.

நிறமுறையின் விவரங்கள் வெளியாகியிருந்தும், கோப்பின் உள்ளமைப்பைக் கோடக் பொதுவில் வெளியிடவில்லை. மென்பொருளாளர்களுக்குக் கருவித்தொகுப்பாகவே விற்றது. ஆய்வகத் தொழிலைக் காப்பதற்காக இப்படிச் செய்தது என்பார் உண்டு. தரம் கெடாமல் காப்பதற்காக என்பாரும் உண்டு. இந்நிலையில் ஜெர்மனியின் ஹட்முட் டானிஷ் எழுதிய ‘எச்பிசிடி டு பிபிஎம்’ நிரல் 1990களின் தொடக்கத்திலேயே வந்தது. பிசிடி கோப்பை எளிய பிபிஎம் வடிவாக்கித் தருவது இதன் வேலை. அங்கிருந்து வேண்டிய வடிவத்துக்குப் போகலாம். வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு விதித்த உரிமத்தால் இது நெட்பிபிஎம் என்ற படமாற்றக் கருவித் தொகுப்பின் மூலநிரலில் சேராமல் தனியே நின்றது.

போட்டோ சிடி வீடுகளில் வேரூன்றாததற்கு விலை, மூடிய வடிவம், டிஜிட்டல் கேமராவின் வரவு என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எது முதன்மை என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. கோடக்கே 1990களின் இறுதியில் கொண்டுவந்த பிக்சர் சிடியில் படங்கள் ஜேபெக் வடிவத்தில் இருந்தன.

இவ்வகை மாற்றத்தில் மிகப் புகழ்பெற்றவை 24 படங்கள். கோடக் வெளியிட்ட பிசிடி0992 என்ற மாதிரி வட்டிலிருந்து வந்த இவை, தரம் இழக்காத பிஎன்ஜி வடிவத்தில் உலகெங்கும் பரவின. சுவரில் வரிசையாக மாட்டிய வண்ணத் தொப்பிகள், சிவப்புக் கதவு, வெள்ளை வேலிக்குப் பின்னால் கலங்கரை விளக்கம், சீறிப் புறப்படும் மோட்டார் சைக்கிள்கள், அருகருகே இரண்டு மக்காவ் கிளிகள். படச்சுருக்க ஆய்வில் புதிதாக எந்த முறை வந்தாலும் பெரும்பாலும் இந்தக் கிளிகளின் முன்னால்தான் தேர்வெழுதுகிறது. இவற்றின் அளவு 768×512. தொலைக்காட்சிக்கென்று வகுத்த அதே பேஸ் அளவு. கோரல் நிறுவனம் விற்ற நிழற்பட வட்டுகளும் பிசிடி வடிவில் வந்தவையே. அவற்றின் படங்களும் கணினிப் பார்வை ஆய்வில் நெடுங்காலம் பயன்பட்டன.

கோடக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரியது. அதற்கு முன்பே இவ்வடிவத்துக்கான ஆதரவு மங்கியிருந்தது. இப்போது ‘பிசிடி டு ஜேபெக்’ என்ற திறமூல நிரலும், இமேஜ்மேஜிக் தொகுப்பும் பயன்பாட்டில் உள்ளன. இமேஜ்மேஜிக்கில் அளவைக் குறிப்பிட்டுக் கேட்காவிட்டால் 768×512 மட்டுமே கிடைக்கும்.

மாற்ற முற்படுவோர் முதலில் மூலக் கோப்புகளை வட்டிலிருந்து அப்படியே நகலெடுத்துக்கொள்ள வேண்டும். மாற்றிய படத்தின் நீள அகலத்தைப் பார்த்து 3072×2048 வந்திருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். வானமும் மேகமும் உள்ள ஒரு படத்தை வைத்து வெண்மை வெட்டுப்பட்டிருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். ஜேபெக் படம் கிடைத்துவிட்டது என்பதற்காக பிசிடி கோப்பை அழித்துவிடக் கூடாது.