தியேட்டர் தராத திரை: ஆவணப்பட விழாக்களின் கதை

2023ல முதுமலைப் பக்கம் எடுத்த 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் கிடைச்சப்போ எல்லாரும் கொண்டாடினோம். ஆனா, நம்ம பழனியில டிக்கெட் வாங்கி தியேட்டர்ல ஒரு ஆவணப்படம் பார்த்த ஞாபகம் உங்கள்ல யாருக்காவது இருக்கா?

தாத்தா பாட்டிகிட்ட கேட்டுப் பாருங்க. படத்துக்கு முன்னாடி ஓடுன 'நியூஸ் ரீல்' பத்திச் சொல்லுவாங்க. 1948ல மத்திய அரசு பிலிம்ஸ் டிவிஷனை ஆரம்பிச்சது. அரசு அங்கீகரிச்ச படங்களை ஒவ்வொரு தியேட்டரும் போட்டே ஆகணும், அதுக்கு வாடகையும் கட்டணும். அதாவது, அன்னைக்கு ஆவணப்படத்துக்குத் திரைக்குப் பஞ்சமே இல்ல. ஆனா பேசுனது பெரும்பாலும் ஒரே குரல்: அரசாங்கத்தோட குரல்.

வீடியோ கேமரா வந்ததும் நிலைமை தலைகீழாச்சு. தனிநபர்கள் குறைஞ்ச செலவுல படம் எடுக்க ஆரம்பிச்சாங்க. குரல்கள் பெருகுச்சு, திரைதான் இல்ல. நான் மென்பொருள்காரன். எழுதுன புரோகிராம் பயனர்கிட்ட போய்ச் சேரலைன்னா அது வெறும் பைல்தான். படமும் அப்படித்தான்.

அந்த இடைவெளியிலதான் மதுரை வருது. ஆவணப்பட இயக்குநர் ஆர்.பி.அமுதனோட 'மறுபக்கம்' அமைப்பு 1998ல மதுரை சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவைத் தொடங்குச்சு. அமுதனே மதுரையில ஒரு துப்புரவுத் தொழிலாளியோட வேலையை 2003ல 'பீ'ங்கிற பேர்ல படமாக்கினார். தியேட்டர்ல ஓடுற படமா அது?

அரசு நடத்துற விழா போதாதான்னு கேக்கலாம். 1990ல தொடங்குன மும்பை சர்வதேச விழா இருக்கே! 2004 விழாவுக்கு இந்தியப் படங்கள் மட்டும் தணிக்கைச் சான்றிதழோட வரணும்னு சொன்னாங்க. படைப்பாளிகள் ஒண்ணா எதிர்த்ததும் அந்த விதி போச்சு. ஆனா, குஜராத் கலவரத்தைப் பத்தி ராகேஷ் சர்மா எடுத்த 'பைனல் சொல்யூஷன்' மாதிரி பல படங்கள் தேர்வுலயே கழிஞ்சுது. உடனே 'விகல்ப்'ங்கிற மாற்று விழாவை அதே மும்பையில, அதே சமயத்துல நடத்திக் காட்டினாங்க. 'பைனல் சொல்யூஷன்' அதே வருஷம் பெர்லின்ல விருது வாங்குச்சு.

சரி, இப்பத்தான் யூடியூப் இருக்கேன்னு தோணும். 2017ல திவ்யபாரதியோட 'கக்கூஸ்' படத்தைத் திரையிட பல இடங்கள்ல அனுமதி கிடைக்கல; யூடியூப்லதான் மக்கள்கிட்ட போச்சு. அது பெரிய விஷயம்தான். ஆனா, மொபைல்ல தனியா பார்க்கிறவர் பிடிக்கலைன்னா தள்ளிட்டுப் போயிடலாம். விழாவுல படம் முடிஞ்சு லைட் போட்டதும் இயக்குநர் முன்னாடி நிப்பார். "ஏன் இப்படி எடுத்தீங்க?"ன்னு நேருக்கு நேர் கேக்கலாம். பக்கத்து சீட்காரர் அதை மறுத்துப் பேசலாம்.

அதுக்குப் பெரிய தியேட்டர் வேணாம். ஒரு புரொஜெக்டர், வெள்ளை வேட்டி, நூலகத்துல ஒரு அறை போதும். நம்ம ஊர்லயும் இது முடியும். என்ன சொல்றீங்க? அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.