மூலத்தைத் தேர்தல்: பிரதி வழங்கிகளின் வரலாறும் புசல்லாவைப் பிரதேசமும்

கட்டற்ற மென்பொருள்களைச் சேமித்து விநியோகிக்கும் பிரதி வழங்கி ஒன்றை நிறுவுவோர் முதலில் விடைகாண வேண்டிய வினா, அதன் உள்ளடக்கத்தை எந்த மூலத்திலிருந்து பெறுவது என்பதாகும். இதனைத் தொழில்நுட்ப வினாவாக மட்டும் கொள்வது பொறியியலாளர் வழக்கம். ஆயின், மூலத்தை வைத்திருப்போர் யார், இடையில் நிற்போர் யார், இறுதியிற் பெறுவோர் யார் என்னும் உறவுகள் அதனுள் அடங்கியிருப்பதால் அது வரலாற்று வினாவுமாகும். புசல்லாவையையும் அதனயலிலுள்ள கொத்மலையையும் களமாகக் கொண்டு அவ்வுறவுகளை நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

மூலத்துக்கும் பிரதிக்குமிடையிலான சிக்கல் தமிழாய்வாளருக்குப் புதியதன்று. ஏடு பெயர்த்தெழுதியவர் தம் முன்னிருந்த ஏட்டின் பிழைகளையும் சேர்த்தே பெயர்த்தார். அவரது பிரதியைப் பார்த்து எழுதியவர் அவற்றோடு தமது பிழைகளையும் சேர்த்தார். 1887இல் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும் பதிப்பித்தபோது பல ஏடுகளைத் திரட்டி ஒப்புநோக்க நேர்ந்தமைக்கு இதுவே காரணம். பிரதியின் தரத்தை நிர்ணயிப்பவை அது பார்த்தெழுதப்பட்ட மூலமும் இடைப்பட்ட கைகளின் தொகையுமேயாம்.

கணினியுலகில் இவ்வுறவு புதிய வடிவம் பெற்றது. 1991 செப்டெம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருவின் முதற்பதிப்பு, பின்லாந்துப் பல்கலைக்கழகங்களின் வலையமைப்பான ஃபூனெற்றின் வழங்கியில் வைக்கப்பட்டது. அத்திலாந்திக்கைக் கடந்த தொடர்புகள் மெதுவாயிருந்த அக்காலத்தில், அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் தியடோர் சோ அதற்கொரு பிரதி வழங்கியை ஏற்படுத்தினார். 1993இல் இயன் மர்டொக் டெபியன் திட்டத்தைத் தொடங்கினார். 1996இல் அவுஸ்திரேலியாவில் அன்ட்ரூ டிரிஜெல்லும் போல் மக்கெராசும் ஆர்சிங்க் என்னும் கருவியை வெளியிட்டனர். கோப்பு முழுவதையும் அனுப்பாது மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பும் இக்கருவி, மெதுவான தொடர்புகளின் தேவையிலிருந்து பிறந்தது. பிரதி வழங்கிகளின் தொடக்க வரலாற்றில் வணிக நிறுவனங்களைவிடப் பல்கலைக்கழகங்களே முன்னின்றன என்பது மனங்கொள்ளத்தக்கது.

டெபியனின் ஒழுங்கில் பிரதிகள் படிநிலையாக அமைந்துள்ளன. களஞ்சியம் வழமையாக நாளொன்றுக்கு நான்கு முறை புதுப்பிக்கப்படுகிறது. முதற்படியிலுள்ள வழங்கிகள் மூலத்திலிருந்தும், ஏனையவை அவற்றிலிருந்தும் பெறுகின்றன. ஒவ்வொரு வழங்கியும் தான் இறுதியாக ஒத்திசைந்த நேரத்தைத் தடக்கோப்பொன்றிற் பதிகின்றது. அதைப் பார்த்து அவ்வழங்கி எத்துணை பின்தங்கியுள்ளது என அறியலாம். ஒத்திசைக்கும்போது பொதிகளை முதலிலும் அவற்றைச் சுட்டும் அட்டவணைகளைப் பின்னரும் பெறவேண்டும். இம்முறை மாறினால், அட்டவணையிற் காணும் பொதி களஞ்சியத்தில் இராது. ஆதலால் மூலத்தைத் தேர்வோர் அதன் வேகத்தை மட்டுமன்றி, அது எத்தனையாவது படியில் உள்ளது, தவணை தவறாது புதுக்கப்படுகிறதா, முழுமையானதா என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும்.

அண்மையான மூலத்தைத் தேர்க என்பதும் பொதுவிதி. ஆயின் இங்கு அண்மை என்பது நிலப்படத்தில் அளக்கும் அண்மையன்று. வடங்கள் செல்லும் வழியால் நிர்ணயிக்கப்படும் அண்மையாகும். வழிகளோ வரலாற்றால் அமைபவை. புசல்லாவை இதற்கு நல்ல சான்று. கோப்பிப் பயிருக்காகக் காடழிக்கப்பட்ட இப்பிரதேசத்தின் பாதைகள், தோட்டங்களின் விளைவைக் கொழும்புக்கு இறக்குவதற்காகவே வளர்ந்தன. 1867இல் கண்டியையும் 1874இல் நாவலப்பிட்டியையும் அடைந்த புகையிரதப் பாதையின் நோக்கமும் அதுவே. 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்து தேயிலை வந்தபின்னரும் வழிகள் மாறவில்லை. 1883இற் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. 1985இல் நிறைவுற்ற கொத்மலை அணைத்திட்டமும் இவ்வகையில் நோக்கத்தக்கது. 201 மெகாவாற்று ஆற்றலுடைய அதன் மின்னிலையத்தின் மின்சாரம் நாடெங்கும் செல்கிறது. தேயிலைக்கும் நீருக்கும் மின்சாரத்துக்கும் இம்மலைப் பிரதேசமே மூலம். தகவலைப் பொறுத்தவரையிலோ, தோட்டக் குடியிருப்புகளில் வாழ்வோர் கடைசிப் படியினர்.

இந்நிலையை மாற்ற முயன்றதொரு திட்டம் இப்பிரதேசத்திலேயே நிகழ்ந்தது. 1989இல் நிறுவப்பட்ட கொத்மலைச் சமுதாய வானொலி, 1998இல் தொடங்கிய யுனெஸ்கோவின் திட்டமொன்றின் வழியாக இணைய இணைப்பைப் பெற்றது. கணினியில்லாத நேயர்கள் வினாக்களை அனுப்புவர். அறிவிப்பாளர் இணையத்தில் விடைதேடி, உள்ளூர் மொழியில் விளக்கி ஒலிபரப்புவார். ஒரே இணைப்பின் பயனைப் பலருக்குப் பகிர்ந்த இம்முறை, கருத்தளவில் ஒரு பிரதி வழங்கியே எனலாம்.

ஆயினும் அதன் வரம்புகளும் ஆராயத்தக்கவை. எந்த வினாவை எடுப்பது, எந்தப் பக்கத்தை நம்புவது, எம்மொழியிற் கூறுவது என்பவற்றை இடையில் நின்றவரே தீர்மானித்தார். நிகழ்ச்சிகள் பெரும்பாலும் சிங்களத்தில் அமைந்தமையால், அயலிலிருந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர் அதன் பயனை முழுமையாகப் பெறும் வாய்ப்புக் குறைந்தது. கேட்பவர் மூலத்தைச் சரிபார்க்கும் வழியும் அதில் இருக்கவில்லை. இஃது அறிவிப்பாளரின் குறையன்று. பெறுவோருக்குச் சோதிக்கும் கருவியைத் தராத எந்த இடைநிலையமைப்புக்கும் உரிய குறையாகும்.

மென்பொருளுலகு இக்குறைக்கு ஒரு தீர்வு கண்டுள்ளது. 2007இல் வெளியான டெபியன் 4.0 பதிப்பு முதல், களஞ்சியத்தின் அட்டவணைகளில் இடப்படும் மறையீட்டுக் கையொப்பத்தைப் பயனரின் கணினியே சரிபார்க்கிறது. பொதி எவ்வழியால் வந்தாலும் இடையில் மாற்றப்பட்டதா என்பதைக் கடைசிப் படியிலிருப்பவர் அறியலாம். ஏடு பெயர்த்தோர் காலத்தில் இல்லாத வசதி இது. எனினும் கையொப்பம் தாமதத்தைத் தானே போக்காது. மாதக்கணக்கிற் பழமையான பிரதியும் முறையான கையொப்பத்தையே தாங்கியிருக்கும். பாதுகாப்புத் திருத்தங்களை அதற்குரிய களஞ்சியத்திலிருந்து நேரடியாகப் பெறுமாறு டெபியன் திட்டம் அறிவுறுத்துவது இதனாலேயாம்.

ஒரே வழியில் தங்கியிருத்தலின் அபாயத்தையும் இலங்கை கண்டுள்ளது. 2004 ஓகஸ்டில் கொழும்புத் துறைமுகத்தருகே கப்பலொன்றின் நங்கூரம் கடலடி வடத்தைச் சேதப்படுத்தியபோது நாட்டின் இணையத் தொடர்பு பெரிதும் முடங்கியது. 2006இல் தூத்துக்குடியையும் கல்கிசையையும் இணைக்கும் வடம் பயனுக்கு வந்தமை வழிகளைப் பெருக்கியது. உள்நாட்டிற் பிரதியொன்று இருப்பின், வடம் அறுந்த வேளையிலும் பாடசாலைகளின் கணினிகள் தேவையான மென்பொருளைப் பெறலாம். 1990இல் மின்னஞ்சற் சேவையாகத் தொடங்கிப் பின்னர் பல்கலைக்கழகங்களை இணைத்த இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்புப் போன்ற பொது அமைப்புகளே அதற்கு இயல்பான இடங்கள்.

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவுகள் சில. மலையகப் பாடசாலைகளுக்குப் பயன்படும் பிரதி வழங்கி, இடைப்படிகள் குறைந்த முதற்படி மூலமொன்றைக் கொள்ளவேண்டும். வேறு கடல்வழியால் எட்டக்கூடிய இரண்டாவது மூலமொன்றையும் ஆயத்தமாக வைத்திருக்கவேண்டும். இடம் குறைவெனின், பயன்படுத்தப்படாத கணினி வகைகளுக்குரிய பொதிகளை விலக்கலாம். மொழிப்பொதிகளை விலக்குதல் ஆகாது. லிப்ரெஓபிஸ் மென்பொருளின் தமிழ் இடைமுகம் தனியொரு பொதியாகவே வருகிறது. சிக்கனத்தின் பெயரால் அது விடுபடுமாயின், கொத்மலையில் நேர்ந்தது மீளவும் நேரும்.

மூலத்தைத் தேரும் உரிமை வழங்கியை நடத்துவோரிடமே இருக்கும். அத்தேர்வைச் சோதிக்கும் உரிமை பெறுவோரிடம் இருத்தல் வேண்டும். புசல்லாவைத் தோட்டத்துப் பாடசாலை மாணவர் தம் கணினிக்கு வந்தது எங்கிருந்து வந்தது, எப்போது புதுக்கப்பட்டது, யாராற் கையொப்பமிடப்பட்டது என வினவவும், அவ்வினாவுக்குத் தம் மொழியில் விடைபெறவும் இயலுமாயின், அன்றே அம்மலைப் பிரதேசம் தகவலின் கடைசிப் படியிலிருந்து மேலேறத் தொடங்கும்.