பால் தங்காத வயிறு: ஒரு மருத்துவ வரலாறு

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்கள் மட்டுமாவது முழுதாகப் படித்துவிடுங்கள்.

எனக்கு மேலே ஒரு அண்ணன் பிறந்து 45 நாளில் இறந்துபோனான். தலைப்பிள்ளை. "குடிச்ச பாலை எதிர்ச் சுவர் வரைக்கும் பீச்சி அடிப்பான். அடிச்ச கையோட மறுபடியும் பசிக்கு அழுவான்" என்று அம்மா சொல்லும். உரம் விழுந்திருக்கிறது என்று உரம் எடுத்தார்கள், வசம்பு உரைத்துக் கொடுத்தார்கள். கடைசியில் பழி அம்மாவின் பாலின் மேல் விழுந்தது. சாகும்வரை அம்மா அதை நம்பியது.

போன மாதம் என் பேரனுக்கு ஐந்தாவது வாரத்தில் அதே மாதிரி வாந்தி வந்தது. டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, "பைலோரிக் ஸ்டெனோசிஸ்" என்றார். வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? தேடித்தேடிப் படித்தேன்.

இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் இடத்துக்கு 'பைலோரஸ்' என்று பெயர். கிரேக்க மொழியில் வாயில் காப்போன் என்று பொருள். அந்த இடத்துத் தசை சில குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களில் தடித்து, பாதையை நெருக்கிவிடுகிறது. பால் கீழே இறங்க வழியில்லாமல் மேலே பீச்சி அடிக்கிறது. ஆண் குழந்தைகளுக்கு, அதிலும் தலைப்பிள்ளைகளுக்கு, அதிகம் வருகிறது.

1788-இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஹெசக்காயா பியர்ட்ஸ்லி என்ற மருத்துவர் இப்படி ஒரு குழந்தையைப் பற்றி எழுதி வைத்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நூறு வருடம் கழித்து, கோபன்ஹேகனில் குழந்தை மருத்துவராக இருந்த ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ருங், இறந்துபோன இரண்டு குழந்தைகளின் இரைப்பையைச் சோதித்து, 1887-இல் ஜெர்மன் மருத்துவர்கள் மாநாட்டில் விளக்கினார். நோய்க்கு ஓர் உருவம் கிடைத்தது அதன் பிறகுதான். ஆனால் வைத்தியம் கிடைக்கவில்லை. இரைப்பையையும் குடலையும் வேறு இடத்தில் இணைத்துப் பார்த்தார்கள். வாடிப்போன பச்சைக் குழந்தைகள் பல அந்தப் பெரிய அறுவையைத் தாங்கவில்லை.

1907-இல் பாரிஸில் பியர் ஃப்ரெதே, தடித்த தசையை நீளவாக்கில் கீறிக் குறுக்குவாக்கில் தைத்தார். 1911-இல் ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரில் வில்ஹெல்ம் ராம்ஸ்டெட் ஒரு குழந்தைக்கு அதே மாதிரி செய்யப் போனார். கீறியாயிற்று. தைக்கும்போது விறைத்த தசையை அறுத்துக்கொண்டு நூல் வந்துவிட்டது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: கீறிய உடனேயே நெருக்கம் விலகிவிட்டதே, பிறகு எதற்குத் தையல்? குழந்தை சில நாள் வாந்தி எடுத்துப் பிறகு தேறியது. அடுத்த குழந்தைக்குத் தசையைக் கீறியதோடு நிறுத்திக்கொண்டார், தைக்கவே இல்லை. 1912-இல் அதை வெளியிட்டார். நூறு வருடம் தாண்டியும் உலகம் முழுக்க அதே கீறல்தான். இன்று சிறு துளை வழியாகவும் செய்கிறார்கள்.

கண்டறிவதிலும் மாற்றம் வந்தது. முன்பெல்லாம் டாக்டர் பொறுமையாக வயிற்றைத் தடவி, ஆலிவ் காய் அளவில் ஒரு கட்டி தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார். 1977-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் இதைப் பார்த்துச் சொன்னார்கள். இன்று தசை சுமார் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் இதுதான் என்கிறார்கள். உடனே கத்தியை எடுப்பதில்லை. வாந்தியில் இழந்த நீரையும் உப்புச்சத்தையும் சலைன் மூலம் சரிசெய்த பிறகே அறுவை.

பெரியவர்களுக்கும் இது வரும், ஆனால் காரணம் வேறு. குடல் புண் ஆறிய தழும்பு வழியைச் சுருக்கிவிடும், அல்லது புற்றுநோய் அடைக்கும். நேற்றுச் சாப்பிட்டது இன்று செரிக்காமல் வாந்தியில் வரும், உடம்பு இளைக்கும். 1881-இல் வியன்னாவில் பில்ரோத், புற்றுநோய் வந்த அந்தப் பகுதியை வெட்டி எடுத்து ஒரு பெண்ணைப் பிழைக்க வைத்தார். நோய் திரும்பி, சில மாதங்களில் அவர் இறந்துவிட்டார். ஆனாலும் அப்படி ஓர் அறுவை முடியும் என்று தெரிந்துவிட்டது. நம் குமரி மாவட்டத்து நெய்யூரும் இந்த வரலாற்றில் உண்டு. 1922-இல் எவரெஸ்ட் ஏறச் சென்ற ஆங்கிலேயர் சாமர்வெல், பிறகு நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் தங்கி, நம் பகுதியில் மிகுந்திருந்த குடல் புண்ணுக்கு வருடக்கணக்கில் அறுவை செய்தார்.

அந்தப் புண் பெரும்பாலும் ஒரு கிருமியால் வருகிறது என்று 1980களில் ஆஸ்திரேலியாவின் வாரனும் மார்ஷலும் காட்டினார்கள். 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இன்று மாத்திரையிலேயே புண் ஆறுவதால் தழும்பு அடைப்பு குறைந்துவிட்டது. வந்தாலும் எண்டோஸ்கோப்பியில் பார்த்து, புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பலூன் வைத்து விரிக்கிறார்கள். அதற்கும் சரிப்படாவிட்டால் அறுவை.

பேரனுக்கு வருவோம். காலையில் அறுவை, சாயங்காலம் பால் குடித்தான். குடித்தது வயிற்றில் தங்கியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நான் அழுதேன். அண்ணனுக்கு வந்தது இதே நோய்தானா என்று இனி எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஆனால் அம்மா சொன்ன ஒவ்வொரு அடையாளமும் பொருந்துகிறது. அண்ணன் பிறந்தபோது ராம்ஸ்டெட்டின் வைத்தியத்துக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. எங்கள் ஊருக்குத்தான் அது வந்து சேரவில்லை.

பிள்ளைகளே, கைக்குழந்தை பாலைப் பீச்சி அடித்து, உடனே பசிக்கு அழுது, எடையும் ஏறாமல், சிறுநீரும் குறைந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். வாந்தி பச்சையாக இருந்தால் அது வேறு அடைப்பு, இன்னும் அவசரம். உரம் எடுத்து நாளைக் கடத்தாதீர்கள். தாய்ப்பாலைக் குறை சொல்லாதீர்கள். எந்தத் தாயும் என் அம்மா சுமந்ததைச் சுமக்க வேண்டாம்.

வாழ்க வளமுடன்.