லயன் தீ: சுவருக்கு மேலே விடப்பட்ட இடைவெளி

மலையகத்தில் ஒரு லயன் எரிந்தால் செய்தி ஏறத்தாழ ஒரே வடிவில்தான் வருகிறது. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவ, தலவாக்கலை என இடம் மட்டும் மாறும். இத்தனை வீடுகள் முற்றாக எரிந்தன, குடும்பங்கள் பாடசாலையிலோ கோவில் மண்டபத்திலோ தங்கவைக்கப்பட்டுள்ளன, மின் ஒழுக்கே காரணம் என்று சந்தேகிக்கப்படுகிறது, பொலிஸார் விசாரணை நடத்துகின்றனர். தீ எப்படிப் பிடித்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு காம்பராவில் பிடித்த தீ எப்படிப் பக்கத்துக் காம்பராக்களுக்கும் போனது என்று கேட்பவர்கள் குறைவு.

விடை தலைக்கு மேலேயே இருக்கிறது. பழைய லயன்களில் பலவற்றில் இரண்டு வீடுகளுக்கு நடுவிலுள்ள சுவர் தகரத்தைத் தொடுவதில்லை. பக்கத்து வீட்டுப் பேச்சு கேட்பதும், அங்கே தாளிக்கும் வாசம் இங்கே வருவதும் அந்த வழியாகத்தான். சூடான புகை முதலில் மேலே எழும்பும், கூரையில் முட்டியதும் பக்கவாட்டில் ஓடும். தகரம் எரியாது. ஆனால் அதைத் தாங்கும் பழைய மரச் சட்டங்களும், அடுப்புக்கு மேலே பரணில் உலர வைத்த விறகும் எரியும். அதனால் கூரைக்கு அடியிலுள்ள வெளி தொங்கல் வீட்டிலிருந்து மறு தொங்கல் வரை ஒரே குழாய் போலாகிவிடுகிறது.

இது அறியாமையால் நேர்ந்த பிழை என்று சொல்ல முடியாது. அடுத்தடுத்த வீடுகளுக்கு நடுவிலுள்ள சுவர் கூரையையும் தாண்டி மேலே எழ வேண்டும் என்று லண்டன் நகரத்துக்கு 18ஆம் நூற்றாண்டிலேயே சட்டம் இருந்தது. கோப்பிக் காலத்தில் இங்கே லயன் கட்டிய வெள்ளைக்காரத் துரைமார், தங்கள் தலைநகரில் கட்டாயமாக இருந்ததைத் தொழிலாளிக்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள்.

இரு பக்கமும் பூசிய செங்கல் சுவரோ சீமெந்துக் கல் சுவரோ ஒழுங்காக இருந்தால், தீயை ஒரு மணி நேரத்துக்கும் மேல் தடுத்து நிறுத்தும். வளைந்து நெளிந்த தோட்டப் பாதையில் தீயணைப்பு வண்டி ஏறி வரவும், உறங்கும் பிள்ளைகளையும் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை வைத்த பெட்டியையும் வெளியே கொண்டுவரவும் அந்த நேரம் போதும். ஆனால் சுவரில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தாலே தீக்கு முன்னால் புகை வந்துவிடும்.

ஓட்டைகளைக் கண்டுபிடிப்பது எளிது. இரவில் ஒரு வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, அடுத்த வீட்டிலிருந்து டோர்ச் வெளிச்சத்தைச் சுவரின் மேல் ஓரமாக மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் புகையும் வரும். தகரத்தின் நெளிவுகள், கூரைச் சட்டம் சுவரைத் துளைத்துச் செல்லும் இடம், வயர் இழுத்த துளை, தண்ணீர்க் குழாய், இரண்டு காம்பராவை இணைக்க உடைத்துப் பிறகு பலகையால் மறைத்த வாசல் ஆகியவற்றைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

மெழுகுவர்த்தியைப் பிடித்து மட்டும் சோதிக்கக் கூடாது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்தில், 1975 மார்ச் 22 அன்று, கேபிள்கள் சுவரைக் கடக்கும் இடத்தில் காற்று கசிகிறதா என்று தொழில்நுட்பவியலாளர்கள் அப்படித்தான் பார்த்தார்கள். துளையை அடைத்திருந்த பொலியூரித்தேன் நுரையில் தீப்பற்றியது. அணைக்க ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆனது, 1,600க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதமாயின. அணு உலைக்கே இந்த நிலை என்றால், கடையில் விற்கும் சாதாரண நுரை டப்பாவை நம்பி லயன் சுவரை அடைக்க வேண்டாம். சாக்கு, ரெஜிபோம், காட்போட் எல்லாம் தீக்கு இரைதான்.

பெரிய இடைவெளியைக் கல் வைத்துக் கட்டிப் பூசுவதே சரி. களிமண் சாந்தும் எரியாது, ஒன்றும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். தகரம் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்குவதால், அதன் நெளிவில் பூசிய சீமெந்து வெடித்துவிடும். அங்கே கல்நார் அல்லாத பாறைக் கம்பளியை இறுக்கித் திணிக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் சூட்டில் உருகி ஓட்டையைத் திறந்துவிடும், ஆகவே சூட்டில் ஊதிப் பெருகி அந்த இடத்தை நெரித்து மூடும் வளையங்கள் அதற்கென்றே விற்கப்படுகின்றன. கொழும்பில் அடுக்குமாடி கட்டுபவர்களுக்கு இவை தெரியும், தோட்டத்துக்கு வந்து சேர்வதில்லை.

ஒரு எச்சரிக்கை. அடைக்க வேண்டியது வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள வழியை மட்டுமே. விறகடுப்புப் புகை வெளியேறும் வழியையும் சேர்த்து அடைத்தால், தீ இல்லாத நாளிலேயே மூச்சு முட்டும். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயன்களில் பின்பக்கம் வெளிச்சுவரே கிடையாது. அங்கே தகரக் குழாய் வைத்துக் கூரைக்கு மேலே புகையைக் கொண்டுபோன பிறகே நடுச் சுவரில் கைவைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் யார் செலவு செய்வது? லயன் குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்ட பிறகும் அதுவே நிலை. 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கிடைக்கும்வரை லயனில் இருப்பவர்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு: பழைய தகரத்தைக் கழற்றிப் புதுத் தகரம் போடும் நாள். அன்றுதான் சுவரின் தலை திறந்து கிடக்கும், மேசன் கையில் சாந்து இருக்கும். தகரம் கேட்டுத் தோட்ட நிர்வாகத்துக்குக் கொடுக்கும் கடிதத்திலேயே, ஒவ்வொரு நடுச் சுவரையும் கூரை மட்டம்வரை கட்டித் தர வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள்.