சிலம்பம்: வீச்சுக்கு எவ்வளவு நேரம், சண்டைக்கு எவ்வளவு நேரம்? முழு விளக்கம்

கோயில் கொடையில் கம்பு சுத்தினால் ஊரே கை தட்டுகிறது. அதே பிள்ளை போட்டிக்குப் போனால் முதல் சுற்றிலேயே அடி வாங்கித் திரும்புகிறது. தாமிரபரணிக் கரை ஊர்களில் சிலம்பம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு. ஒரு வருஷம் படித்தும் ஏன் இப்படி? பயிற்சி நேரம் எதற்குச் செலவாகிறது என்பதில்தான் பதில் இருக்கிறது.

இப்போது இந்தக் கேள்வி ஏன் முக்கியம்?

சிலம்பம் இன்று திருவிழா ஆட்டம் மட்டும் இல்லை. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் 2021-ல் தமிழக அரசு சிலம்பத்தையும் சேர்த்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது.

மாஞ்சோலை பகுதியில் இதற்கு இன்னொரு கோணம் உண்டு. 2024-ல் பிபிடிசி நிறுவனம் தேயிலைத் தோட்டத்தை மூட முடிவு செய்த பிறகு, தலைமுறையாக அங்கிருந்த குடும்பங்கள் மலையை விட்டு இறங்கத் தொடங்கின. இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சான்றிதழ், ஒரு பதக்கம் என்பது பெரிய விஷயம். வாரத்தில் கிடைக்கும் 2, 3 மணி நேரத்தை வீணாக்க முடியாது.

வீச்சு, வீடு கட்டுதல் என்றால் என்ன?

எதிராளி இல்லாமல், ஒழுங்கு மாறாமல் செய்யும் தனிப் பயிற்சி இது. காலடி வைக்கும் முறைக்கு 'சுவடு' என்று பெயர். கம்பைச் சுழற்றுவது 'வீச்சு'. சுவடையும் வீச்சையும் கோத்து நாலு பக்கமும் திரும்பி ஆடுவதை 'வீடு கட்டுதல்' என்பார்கள். வெறுங்கையில் செய்வது 'குத்துவரிசை'. கராத்தேயில் 'கட்டா', டேக்வாண்டோவில் 'பூம்சே' என்று சொல்வதும் இதே வகைதான்.

இதனால் என்ன லாபம்?

* கம்பு கையை விட்டு நழுவாது, பிடி மாற்றுவது தானாக வரும்.
* இடது கையும் வலது கை அளவுக்குப் பழகும்.
* காலும் கையும் ஒரே தாளத்தில் நகரும்.
* மூச்சும் தோள் பலமும் கூடும்.
* கூட ஆள் இல்லாவிட்டாலும் மொட்டை மாடியிலோ களத்திலோ செய்யலாம்.

எது வராது?

மூன்று விஷயம் வராது. ஒன்று, தூரக் கணக்கு. எதிராளி கம்பு எட்டுமா எட்டாதா என்பதை ஆள் நின்றால்தான் படிக்க முடியும். இரண்டு, நேரக் கணக்கு. வீடு கட்டும்போது அடுத்த அடி எதுவென்று உங்களுக்குத் தெரியும், சண்டையில் அதை எதிராளி முடிவு செய்கிறார். மூன்று, பயம். முகத்துக்கு நேரே கம்பு வரும்போது கண்ணை மூடாமல் இருப்பதும் ஒரு பழக்கம்தான்.

1979-ல் ஷே, மார்கன் என்ற ஆய்வாளர்கள் செய்த சோதனை இங்கே பொருந்தும். கையசைவுகளை ஒரே வரிசையில் திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பயிற்சியின்போது வேகமாக இருந்தார்கள். வரிசையைக் கலைத்துச் செய்தவர்கள் பயிற்சியில் தடுமாறினார்கள். ஆனால் 10 நாள் கழித்துப் பார்த்தபோது, கலைத்துப் பழகியவர்களுக்கே நன்றாக நினைவிருந்தது. அன்றைக்கு அழகாக வருவது வேறு, நிலைத்து நிற்பது வேறு.

வகுப்பில் ஏன் வீச்சே அதிகம் நடக்கிறது?

ஒரு வாத்தியார், 40 பிள்ளைகள் என்றால் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி வீச்சு போடச் சொல்வதுதான் சுலபம், பாதுகாப்பும்கூட. இது புதுப் பிரச்சினை இல்லை. 1882-ல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, கட்டாவை இலக்கணத்துக்கும் இருவர் மோதும் பயிற்சியைக் கட்டுரை எழுதுவதற்கும் ஒப்பிட்டவர். மாணவர் குறைவாக இருந்தபோது மோதலுக்கு நடுவிலேயே இலக்கணம் சொல்லிக் கொடுத்தார். கூட்டம் கூடியதும் அதைத் தனிப் பாடமாக்க வேண்டி வந்தது.

போட்டி எது என்று முதலில் கேளுங்கள்

சிலம்பப் போட்டியில் பொதுவாக இரண்டு பிரிவு. 'தனித்திறமை' என்பது வீச்சு, ஆயுதம், அழகு, ஒழுங்கு பார்த்து மதிப்பெண் போடுவது. 'தொடுமுறை' என்பது இருவர் மோதி, எதிராளி உடம்பில் கம்பு பட்டால் புள்ளி எடுப்பது.

உலக அளவிலும் இப்படித்தான். டோக்கியோ ஒலிம்பிக் கராத்தேயில் கட்டாவுக்கும் சண்டைக்கும் தனித்தனிப் பதக்கம். ஆண்கள் கட்டாவில் தங்கம் வென்ற ரியோ கியூனா கட்டா வீரர். டேக்வாண்டோவில் ஒலிம்பிக் பதக்கம் சண்டைக்கு மட்டும்தான், பூம்சே 2018 முதல் ஆசிய விளையாட்டில் இருக்கிறது. ஆகவே எந்தப் பிரிவு என்று தெரியாமல் நேரத்தைப் பிரிக்க முடியாது.

1 மணி நேரத்தை எப்படிப் பிரிக்கலாம்?

இது சட்டம் இல்லை, தோராயமான அளவுதான். உடல் சூடேற்ற 10 நிமிடம் போக மீதி 50 நிமிடம்:

* முதல் 6 மாதம்: சுவடு, வீச்சு 35 நிமிடம். ஜோடியாக நின்று சொல்லி அடிக்கும் அடி-தடுப்பு 15 நிமிடம்.
* 6 மாதத்துக்குப் பிறகு: வீச்சு 20, சொல்லாமல் அடிக்கும் ஜோடிப் பயிற்சி 20, மெதுவான மோதல் 10.
* தொடுமுறைக்குத் தயாராகும்போது: வீச்சு 10, மீதி 40 நிமிடமும் ஆளோடு.
* தனித்திறமைக்குத் தயாராகும்போது: வீடு கட்டுதல் 40, ஜோடி 10. இந்த 10-ஐ விட்டுவிட்டால் அடியில் உயிர் இருக்காது.
* உடற்பயிற்சிக்காகவும் கலைக்காகவும் மட்டும் படிப்பவர்கள்: விருப்பம்போல வீச்சு போடலாம், தப்பே இல்லை.

வகுப்பு தூரமா? ஒரு எளிய வழி

மலையிலிருந்து பஸ் பிடித்து வரும் பிள்ளைக்கும், வாரம் 2 நாள் மட்டும் வகுப்பு உள்ள ஊர்ப் பிள்ளைக்கும் இது உதவும். தனியாகச் செய்ய முடிந்ததை வீட்டில் செய்யுங்கள், ஆள் வேண்டியதை வகுப்பில் செய்யுங்கள். வீட்டில் தினம் 15 நிமிடம் வீச்சு போட்டால் 6 நாளில் ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். வகுப்புக்கு வந்ததும் நேராக ஜோடிப் பயிற்சிக்குப் போகலாம். தப்பாகப் பழகிவிடாமல் இருக்க, வகுப்பில் 5 நிமிடம் வாத்தியாரிடம் வீச்சைக் காட்டித் திருத்திக்கொள்வது அவசியம்.

பாதுகாப்பு

மோதல் பயிற்சிக்கு தலைக்கவசம் கட்டாயம். ஆரம்பத்தில் எடை குறைந்த கம்பும், இடுப்புக்குக் கீழே மட்டும் அடி என்ற விதியும் போதும். அடிபட்டு பயந்துபோன பிள்ளையை அன்றே திரும்ப இறக்கிவிட வேண்டாம்.

பெற்றோர் வாத்தியாரிடம் கேட்க வேண்டியவை

1. என் பிள்ளை எந்தப் பிரிவுக்குத் தயாராகிறது?
2. வாரத்தில் எத்தனை நிமிடம் ஆளோடு நின்று பழகுகிறது?
3. வீட்டில் எந்த வீச்சு போட வேண்டும்?
4. தலைக்கவசம் இருக்கிறதா?

இரண்டாவது கேள்விக்கு பதில் 'இன்னும் தொடங்கவில்லை' என்று வந்து, பிள்ளை சேர்ந்து ஒரு வருஷமும் ஆகியிருந்தால், அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுப்பதற்கு முன் வாத்தியாரோடு உட்கார்ந்து பேசுவது நல்லது.