விற்றவரே வாங்கிய காலம்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையில், மாத்தளையை அடைவதற்குச் சற்று முன்னதாக வருகின்ற உக்குவளை, தாழ்நிலத்தில் நெல்வயலும் மேட்டில் மிளகும் கொக்கோவும் இறப்பருமாகப் பசுமை பூத்து நிற்பதும், பொல்கொல்லையிலே தடுத்துத் திருப்பப்பட்ட மகாவலி நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து 1976ஆம் ஆண்டு முதல் மின்சாரமாகப் பிறந்து சுது கங்கையிற் கலப்பதுமான ஓர் ஊர். வயல் கிராமத்தாருக்கும் சரிவு தோட்டத்துக்கும் என இந்த நாடு இரண்டாகப் பிரிந்து கிடப்பதை இயற்கையின் ஏற்பாடு என்றே பார்ப்பவர் கருதுவர். ஆயினும் இச்சரிவுகளின் காணி உறுதிகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் படித்துக்கொண்டு போகிறவர், பல தோட்டங்களின் ஆதியிலே முடிக்குரிய காணி விற்பனை ஒன்று நிற்பதையும், அந்த விற்பனைகள் மும்முரமாக நடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், விற்ற கையும் வாங்கிய கையும் சில வேளைகளில் ஒரே உத்தியோகஸ்தரின் கைகளாக இருந்ததையும் காண்பார்.

அரசாங்க உத்தியோகஸ்தர் தம் பதவியைக் கொண்டு சொந்த ஆதாயம் தேடலாகாது என்னும் விதி, அரசாங்கம் என்ற ஒன்று தோன்றிய நாள்முதலே இருந்துவருவதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மலைநாட்டில் இவ்விதிக்கு ஒரு பிறந்த ஆண்டு உண்டு, அது 1844. அதற்கு முந்திய நிலையை அறிந்தாலன்றி, அவ்விதி எதைக் காத்தது, எதைக் காவாது விட்டது என்பது விளங்காது.

கண்டி மன்னர் காலத்தில் அதிகாரிகளுக்கு ரொக்கச் சம்பளம் என்பது பெரும்பாலும் இல்லை. பதவிக்கு நிலம், நிலத்துக்கு இராஜகாரியம் என்னும் கட்டாயச் சேவை என்பதே வழக்கம். பதவியும் நில அனுபவமும் அங்கே ஒன்றாகவே இருந்தன என்றாலும், நிந்தகம என்ற பெயரில் இன்னாருக்கு இன்ன கிராமம் என்பது யாவரும் அறிந்த செய்தி; பதவி போனால் அதனோடு சேர்ந்த நிலமும் மன்னனிடமே மீளும். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானபின், இந்த ஒழுங்கு பதினெட்டு ஆண்டுகள் தள்ளாடி நின்று, கோல்புரூக் ஆணைக்குழுவின் பரிந்துரைகளால் 1833ஆம் ஆண்டளவில் குலைந்தது. இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது, கூடவே, செலவைச் சுருக்கும் நோக்கத்தோடு, சிவில் உத்தியோகஸ்தரின் சம்பளங்கள் குறைக்கப்பட்டன, ஓய்வூதியமும் நிறுத்தப்பட்டது. அக்காலத்திலேதான் முடிக்குரிய காணியை ஏக்கருக்குக் குறைந்தபட்சம் ஐந்து ஷில்லிங் என்ற விலையில் ஏலத்தில் விற்கும் முறையும் நிலைபெற்றது.

வருமானம் குறைந்த உத்தியோகஸ்தரின் கண்ணெதிரே கோப்பி வளர்ந்துகொண்டிருந்தது. 1823இல் ஜார்ஜ் பேர்ட் என்பவர் கம்பளைக்கருகே சின்னப்பிட்டியாவில் தோட்டமொன்றை ஆரம்பித்ததும், தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் தாமே கன்னொறுவையில் கோப்பி நட்டு, அப்பயிருக்கு வரிச்சலுகையும் அளித்ததும் முன்னோடி முயற்சிகள். 1835இல் மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பிக்கும் இலங்கைக் கோப்பிக்கும் பிரித்தானியாவில் ஒரே இறக்குமதித் தீர்வை என்றாகவே, விலையும் ஆசையும் ஒருங்கே ஏறின. உத்தியோகஸ்தர் தோட்டம் வைப்பதை அரசாங்கம் தடுக்கவில்லை. மூலதனம் அரிதாயிருந்த நாட்டில் அதை ஒரு தேச சேவையாகவே கருதியது. தேசாதிபதியே முன்மாதிரியாக நிற்கும்போது, கீழுள்ளோர் எதற்காகக் கூசுவர்?

காணி விற்பனை நடந்த முறையை அருகிருந்து பார்ப்பது பயன் தரும். காடொன்றை விரும்பியவர் அரசாங்கத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அக்காட்டின்மீது கிராமத்தவருக்கு உரிமை உண்டா என்பதைக் கச்சேரி எனப்படும் அரசாங்கப் பணிமனை விசாரிக்கும். நில அளவைத் திணைக்களம் சங்கிலி பிடித்து அளந்து படம் வரையும். அதன்பின் ஏலத் தேதி குறிக்கப்படும். போட்டியாளர் இல்லாவிடின் குறைந்தபட்ச விலைக்கே காணி முடிந்து உறுதி எழுதப்படும். உரிமையைத் தீர்மானிப்பவர் ஒருவர், எல்லையை வரைபவர் ஒருவர், பாதை போடுபவர் ஒருவர், பிணக்கு வந்தால் தீர்ப்பளிப்பவர் ஒருவர் என்று பல ஸ்தானங்கள் இருப்பதன் நோக்கமே ஒருவரை ஒருவர் கண்காணிப்பதுதான். ஆனால் 1840ஐ ஒட்டி மத்திய மலைநாட்டில் காணி வாங்கியோரின் பெயர்களைப் பார்த்தால், தேசாதிபதி ஸ்டூவர்ட் மெக்கன்சி 1,120 ஏக்கருடன் நிற்கிறார்; சிவில் உத்தியோகஸ்தர் ஜார்ஜ் டேர்னர் 2,217 ஏக்கருடன் நிற்கிறார்; நில அளவைத் தலைவர் நொரிஸும், பாதைகள் அமைத்துப் புகழ்பெற்ற தோமஸ் ஸ்கின்னரும், இராணுவத் தலைவரும், நீதிபதிகளும் அதே வரிசையில் வருகிறார்கள். குடியேற்றநாட்டுக் காரியதரிசி பிலிப் அன்ஸ்ட்ருதரும் கோப்பித் தோட்ட உரிமையாளரே. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே வேலி பயிரை மேய்ந்ததோடு, வயலின் எல்லையையும் தானே அளந்து குறித்துக்கொண்டது.

இவர்களை எல்லாம் பேராசைக்காரர் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது வரலாற்றுக்கு நீதி செய்வதாகாது. டேர்னரையே எடுத்துக்கொள்வோம். இலங்கையிலேயே பிறந்து, பாளி கற்று, மகாவம்சத்தை 1837இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவர் அவர். கல்வெட்டுக்களிலே பியதசி எனப்படுபவன் அசோக மன்னனே என்று ஆராய்ச்சி உலகம் உணர்வதற்கு இலங்கை நூல்களிலிருந்து ஆதாரம் எடுத்துக் கொடுத்தவரும் அவரே. இந்நாட்டின் பழைமையை இத்துணைப் பக்தியோடு பயின்ற ஒருவர், அதே நாட்டின் காட்டை ஆயிரக்கணக்கான ஏக்கராக வாங்கியபோது தாம் தவறு செய்வதாக எண்ணியிருக்கமாட்டார். எண்ணும்படி அவருக்கு எந்த விதியும் சொல்லவில்லை. மனிதரின் யோக்கியதை வேறு, ஸ்தானத்தின் யோக்கியதை வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பாராத நிர்வாகத்தில் நல்லவர்களும் தீமைக்குக் கருவியாவார்கள் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

தீமை எத்தகையது என்பதை 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காட்டுகிறது. காடும் தரிசும், குடியிருப்பற்ற, பயிரிடப்படாத நிலம் யாவும், மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்கே உரியவை என்று அனுமானிக்கப்படும் என்றது அச்சட்டம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காட்டை வெட்டிச் சுட்டுக் குரக்கன் விதைத்துப் பின் ஆறவிடும் சேனை நிலத்துக்கும், கண்டிப் பிரதேசத்தைப் பொறுத்தமட்டில், சன்னஸ் என்னும் அரச மானியப் பத்திரமோ, வரியோ சேவையோ செலுத்திய சான்றோ காட்டினாலன்றி இதே கதிதான். பரம்பரை அனுபவத்தை எழுத்தில் வைத்திராத கிராமத்தவன்மீது நிரூபிக்கும் பாரம் விழுந்தது. அவன் நிரூபிக்கத் தவறிய நிலம் விற்பனைக்கு வந்தது. வாங்குவோர் வரிசையிலே அச்சட்டத்தை இயற்றியோரும் நிறைவேற்றியோரும் இருந்தனர். சட்டத்தின் வாசகம் நியாயமானதா என்ற கேள்விக்கு முன்னரே, அதை இயற்றியவருக்கு அதில் ஆதாயம் இருந்ததா என்ற கேள்வி எழுந்திருக்க வேண்டும். அதை எழுப்புவதற்கான சபையிலும் அவர்களே அமர்ந்திருந்தார்கள்.

தமிழருக்கு இக்கதையில் இன்னொரு பக்கம் உண்டு. மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை வழியே வன்னிக் காட்டைக் கடந்து, தம்புள்ளையூடாக மாத்தளைக்கு நடந்துவந்த தமிழகத்துக் கூலிமக்கள், வழியிலே வாந்திபேதிக்கும் பசிக்கும் பலரைப் பறிகொடுத்து, எஞ்சியோர் கங்காணியின் பின்னே தோட்டம் புகுந்தார்கள். அவர்களுக்கும் துரைக்கும் இடையிலான ஒப்பந்தத்தை ஆண்டது 1841ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம். வேலையை விட்டு விலகிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பவும் அதில் இடமிருந்தது. அவ்வழக்கை விசாரிக்கும் நியாயாசனத்தில் இருப்பவரே ஒரு தோட்டத்தின் சொந்தக்காரராயின், அவர் எவ்வளவு நேர்மையாளராக இருந்தபோதிலும், கூலிக்காரன் அந்நியாயஸ்தலத்தைத் தன்னுடையதாக எப்படி நம்புவான்? பட்சபாதம் நிகழ்ந்ததா என்பது வழக்குக்கு வழக்கு வேறுபடலாம். நம்பிக்கை இழப்போ எல்லா வழக்கையும் ஒருங்கே பாதிக்கும்.

இந்நிலையை மாற்றியவர் இங்கிலாந்தில் குடியேற்றநாட்டு மந்திரியாயிருந்த ஸ்டான்லி பிரபு. 1844இல் தொடங்கிய அவருடைய சீர்திருத்தங்களின்படி உத்தியோகஸ்தர் இலாபத்துக்காகப் பயிர்த்தொழிலிலும் வாணிபத்திலும் ஈடுபடுவது தடைசெய்யப்பட்டது, சம்பளம் உயர்த்தப்பட்டது, ஓய்வூதியம் மீண்டது, சுதேச பாஷையில் தேர்ச்சி பெறாதவருக்குப் பதவியுயர்வு இல்லையென்றும் ஆயிற்று. தடையையும் சம்பளத்தையும் ஒரே கையால் கொடுத்தது அவருடைய விவேகம். வயிற்றைச் சுருக்கிவிட்டு ஒழுக்கத்தைக் கேட்பது பலிக்காது என்பதை 1833ஆம் ஆண்டின் சிக்கனம் தெளிவாகக் கற்பித்திருந்தது. ஏக்கரின் குறைந்தபட்ச விலையும் அதே காலத்தில் ஒரு பவுணாக ஏறியது.

ஆயினும் இச்சீர்திருத்தத்தின் பிரதான கவலை, துரைமார் கச்சேரியை மறந்து தோட்டத்திலே பொழுதைக் கழித்ததால் சேவை கெட்டது என்பதே. கைமாறிய காடு மீளவில்லை. சேனையை இழந்தவன் முறையிட ஒரு மன்றமும் அமைக்கப்படவில்லை. உத்தியோகஸ்தர் தோட்டத்தை விற்றுவிட்டால் விதி திருப்தியடைந்தது. தோட்டம் எப்படித் தோட்டமாயிற்று என்பதை அது கேட்கவில்லை. 1847இல் கோப்பி விலை சரிந்தபோது அரசாங்க வருமானமும் சரிந்தது. அதை ஈடுகட்டத் தேசாதிபதி டொரிங்டன் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்து, பாதை வேலைக்கு ஆண்டுக்கு ஆறு நாள் உழைப்போ அதற்கீடான பணமோ தரவேண்டும் என்றும் சட்டம் செய்தார். காட்டை இழந்த கிராமத்தவனிடமே கோப்பியின் நஷ்டமும் வந்து சேர்ந்தது.

இவ்வரிகளுக்கு எதிராகக் கலகம் மூண்டது. 1848 ஜூலை 26இல் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா மன்னனாக முடிசூடினான். இரண்டே நாளில் புரான் அப்புவின் தலைமையில் மாத்தளைக் கச்சேரி தாக்கப்பட்டு, வரிப் பதிவேடுகள் சில அழிந்தன. திரண்டெழுந்த மக்கள் உக்குவளைக்கு அயலிலுள்ள வாரியப்பொலையில் துருப்புக்களோடு மோதிச் சிதறினர். இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. ஆகஸ்ட் 8இல் புரான் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். அம்மாத இறுதியில், கலகத்தில் தொடர்புபட்டதாகக் கூறப்பட்ட பௌத்த பிக்கு குடாப்பொல தேரர் காவியுடையுடனேயே சுடப்பட்டார். பண்டா மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டான். பிரித்தானியப் பாராளுமன்றக் குழு விசாரித்தது. டொரிங்டன் 1850இல் பதவி துறந்தார். இக்கலகத்துக்கு உத்தியோகஸ்தரின் தோட்டங்களே காரணம் என்பது மிகைக்கூற்று. வரியே உடனடிக் காரணம். எனினும் மக்கள் ஏட்டைத் தேடிப்போனதில் ஒரு நியாயம் இருந்தது. அவர்களிடமிருந்து நிலம் பிரிந்தது வாளால் அன்று, ஏட்டினால்.

உத்தியோகஸ்தர் விலகிய ஆசனத்தில் வேறு வடிவத்தில் அதே நலன் வந்தமர்ந்தது. 1854இல் கண்டியில் தோட்டக்காரர் சங்கம் உருவாயிற்று. சட்டசபையிலே அவர்களின் குரல் பலத்தது. 1880இல் மாத்தளைவரை நீண்ட புகையிரதப் பாதையும் தோட்டத்தின் தேவையைப் பார்த்து வந்ததே. 1897இன் தரிசுநிலச் சட்டம் வந்தபோது, அதை நிறைவேற்றிய அதிகாரிகளுக்குச் சொந்தத் தோட்டம் இல்லை. அரசாங்கமே ஒரு கட்சிக்காரராகவும் விசாரணைக்காரராகவும் நின்றது.

1844ஆம் ஆண்டின் விதிக்கு ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன், சோழன் முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்ச் சாசனம் வேறொரு பாதையைக் காட்டுகிறது. குடவோலைக்குத் தகுதியுடையோர் யாவர் என்று வகுத்த அச்சபையார், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனை மட்டுமன்றி, அவனுடைய நெருங்கிய உறவினரையும் முறைவைத்து எண்ணி விலக்கினர். அச்சபை உயர்குடியினரின் சபையே என்றாலும், ஒன்றை அது உணர்ந்திருந்தது: ஆதாயம் ஒருவனோடு நிற்பதில்லை, உறவின் வழியே ஓடும்; ஆகவே தடை சபலம் தோன்றுமுன் வரவேண்டும்.

இன்று இலங்கையில் தாபன விதிக்கோவையின் ஒழுக்க விதிகளும், 1975 முதல் சொத்துப் பொறுப்புக்களை வெளிப்படுத்தும் கடமையும், அவற்றை விரித்து நலன் முரண்பாட்டையே பெயர்சொல்லிக் கருத்தில் எடுக்கும் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டமும் உள்ளன. உக்குவளைப் பிரதேச செயலகத்தில் அனுமதிப்பத்திரத்துக்காகக் காத்திருப்பவர் இவற்றின் இலக்கங்களை அறியவேண்டியதில்லை. தம் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவருக்கு அந்நிலத்தில் பங்கில்லை என்ற உறுதி போதும். ஆனால் மாத்தளை நாட்டின் வரலாறு அதற்கு மேலும் ஒன்று கேட்கிறது. உத்தியோகஸ்தரை விலக்கும் விதி, அவர் விலகுமுன் எடுத்துச் சென்றதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இல்லையேல் அது எதிர்காலத்தைத் தூய்மைப்படுத்தி, கடந்தகாலத்தை உறுதிப்பத்திரமாக்கிக் கொடுத்துவிடும். 1844ஆம் ஆண்டின் விதி செய்தது அதுதான்.